பதினோராம் பிரிவின் தென்கிழக்கு மூலை

உப்புநக்கி ஓடைப் பக்கம் மார்ச் மாதத்தில் இரவு உறைபனியும் பகல் இளவெயிலுமாகச் சேர்ந்தாற்போல ஒரு வாரம் வாய்த்தால் போதும், மேப்பிள் மரங்களில் இனிப்பு நீர் இறங்கத் தொடங்கிவிடும். அப்புறம் சர்க்கரை காய்ச்சி முடியும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதியான படுக்கை கிடையாது. 1812ஆம் வருடம் நல்ல இறக்கம். கெசையா மார்லட் நாற்பத்தோரு மரத்தில் துளை போட்டு, எல்டர் குச்சியின் சோற்றைக் குடைந்து எடுத்துக் குழாய் செருகி, கீழே மரத்தொட்டி வைத்திருந்தாள். இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகளில் நீர் கொதித்தது. அவளுடைய சின்னப் பெண்கள் இரண்டும் பாகு ஒட்டிய அகப்பைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

வேலைக்கு ஆள் அவள் ஒருத்திதான். புருஷன் ஜோதமுக்கு முறைக் காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியம் வந்தால் பல் கிட்டி, கட்டில் குதிக்கிற அளவுக்கு உதறும். மறுநாள் ஒன்றுமே நடக்காதவன்போல எழுந்து விறகு பிளப்பான். அந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் வராத வீடு இல்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்று அவனுக்குக் காய்ச்சல் முறை. கெசையா பாகின் பதம் பார்க்கக் குனிந்தபோது வீட்டுக்கு மேற்கே மரத்தில் சுத்தியல் இறங்கும் சத்தம் கேட்டது. அகப்பையோடு ஓடினாள். ஊற்றையும் தாண்டி, அவர்களுடைய ஆப்பிள் கன்றுகளுக்கு நடுவே, பக்கத்து நிலத்துக்காரர் மேஜர் கிரிம்ஷாவின் ஆட்கள் இருவர் புதுக் கம்பம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேஜர் குதிரையை விட்டு இறங்கவில்லை.

"என்ன மேஜர் இது? என் கன்னுக்கு நடுவுல என்ன நடுறீங்க?"

"கோவப்படாதீங்க மார்லட் அம்மா. சர்க்கார் மைல் சதுரமா அளந்து பிரிச்சதுல இதுதான் பதினோராம் பிரிவோட மூலை. இதுக்குக் கிழக்கே இருக்கிறது பன்னிரண்டாம் பிரிவு. என்னுது."

கெசையா திரும்பிப் பார்த்தாள். கம்பத்துக்குக் கிழக்கே ஊற்று இருந்தது. ஊற்றுக்குக் கிழக்கே வீடு இருந்தது. வீட்டு வாசலில் ஜோதம் போர்வையோடு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏழு வருசமா இங்க குடியிருக்கோம். அப்ப எல்லாம் உங்க மூலை எங்க போயிருந்துச்சு?"

"நான் போன வருசம்தானே வாங்கினேன். அளந்து பார்த்தேன், நூத்தம்பது அடி உங்க பக்கம் தள்ளியிருக்கு. சாட்சி மரம் அதோ நிக்குது, போய்ப் பாருங்க." சவுக்கால் காட்டினார். வடமேற்கே முப்பதடி தள்ளி ஒரு வெள்ளை ஓக் மரம். அதன் பட்டையைச் செதுக்கிய இடத்தில் பதினொன்று என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. "அடுத்த வியாழக்கிழமை கவுண்ட்டி சர்வேயர் வர்றார். அதுவரைக்கும் நீங்க ஊத்துல தண்ணி எடுத்துக்கங்க. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல."

அவர் வடிசாலை கட்டப்போகிறார் என்பது ஓடை நெடுகத் தெரிந்த செய்திதான். விஸ்கி வடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். எந்தக் குளிரிலும் உறையாத, எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

காய்ச்சல் விட்ட பிறகு ஜோதம் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தான். ஆட்டுத்தோல், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முத்திரை, ஜனாதிபதியின் கையெழுத்து. அவனுக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் கெசையா படிக்கும்போதெல்லாம் விரலை வரியோடு ஓட்டுவான்.

"'பதினோராம் பிரிவின் தென்கிழக்குக் கால்பங்கு.' இதுதான் எழுதியிருக்கு," என்றாள் கெசையா. "அது எங்க இருக்குன்னு எழுதல."

"வாஷிங்டன்ல உக்காந்து கோடு போட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?" என்றான் ஜோதம். "நாம வந்த புதுசுல நில ஏஜெண்டு கம்பத்தைக் காட்டினான் இல்ல? சோளக்கொல்லை ஓரமா. அது ரெண்டாம் வருசமே மக்கி விழுந்துச்சு."

"கம்பம் மக்கினா என்ன? அதுக்குச் சாட்சியா ரெண்டு மரத்துல அடையாளம் வெட்டியிருப்பாங்கன்னு ஏஜெண்டு சொன்னானே."

ஜோதம் சோள ரொட்டியைப் பிய்த்தான், வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தான்.

"கெசையா, ஒண்ணு சொல்லணும். கொல்லை திருத்தின வருசம் ஒரு ஆஷ் மரம் வெட்டினேன். நெஞ்சுயரத்துல என்னமோ கீறியிருந்துச்சு. கரடி கீறினதுன்னு நெனச்சேன். வேரோட பிடுங்கிக் கட்டைக் குவியல்ல போட்டுக் கொளுத்திட்டேன்."

கெசையா பத்திரத்தை மடித்து வைத்தாள். "மனுசா, நம்ம பத்திரத்துல பாதியக் கொளுத்திட்டு ஏழு வருசமா வாயைத் தொறக்கலியே நீ!"

"படிக்கத் தெரிஞ்சிருந்தா கொளுத்தியிருப்பேனா?" என்றான். அவள் ரொட்டியில் கொஞ்சம் பாகை ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் காலையிலேயே ஓடையின் கீழ்ப்பக்கம் இருந்த மாவு மில்லுக்குப் போனாள். ஓபேட் டீக் அங்கே மூட்டை தூக்குகிறவர். அறுபது வயது, ஒரு காது கேட்காது. சர்க்கார் முதன்முதலில் அந்தக் காட்டை அளந்தபோது சர்வே கூட்டத்தில் கோடரிக்காரராக இருந்தவர். மில் மேஜருடையது.

"சாட்சி மரமா? எனக்கு என்ன தாயி ஞாபகம் இருக்கும்? ஒரு நாளைக்கு எட்டு மரத்துல அடையாளம் வெட்டினோம். மழைன்னா மழை, வயித்துக்கடுப்புன்னா வயித்துக்கடுப்பு. எல்லா மூலையும் ஒரே மூலைதான்."

"நீங்க வெட்டின மரம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது." டீக் மில்லின் மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மாவுத் தூசியைத் தட்டும் சாக்கில் கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பினார். "எனக்கு இந்த மில்லை விட்டா வேற சோறு இல்ல தாயி. என்னைக் கேக்காதே. மரத்தைப் போய்க் கேளு. மரத்துக்கு மேஜர் சோறு போடல."

திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். மரம் என்ன பேசவா போகிறது?

கொப்பரைக்கு விறகு தீர்ந்திருந்தது. காற்றில் சாய்ந்துகிடந்த ஒரு மேப்பிளை ஜோதமும் அவளும் இழுப்புரம்பத்தால் அறுத்தார்கள். முழங்கால் உயரத்தில் அறுத்த துண்டைப் பிளந்தபோது கெசையாவின் கை நின்றுவிட்டது. கட்டைக்குள்ளே, வெளியே ஒரு தடயமும் இல்லாமல், ஒரு துளை இருந்தது. துரப்பணம் போட்ட துளை. அவர்கள் வந்த முதல் வசந்தத்தில் அவளே போட்டது. அதன் வாயை மூடி மரம் வளர்ந்திருந்தது. வெட்டு முகத்தில் விரல் வைத்துத் துளையின் வாயிலிருந்து பட்டைவரை வளையங்களை எண்ணினாள். ஏழு.

"ஜோதம், இங்க வா. நாம எத்தன வருசம் ஆச்சு வந்து?"

"ஏழு."

"மரமும் அதையேதான் சொல்லுது. எண்ணிப் பாரு."

அவன் எண்ணினான். அதற்கும் உள்ளே, மரத்தின் நடுவுக்குக் கிட்டத்தில், இன்னொரு வடு இருந்தது. துரப்பணத் துளை அல்ல. சாய்வாகப் போட்ட கோடரி வெட்டு. முப்பது வளையத்துக்கு மேல் எண்ணிவிட்டு ஜோதம் நிறுத்திக்கொண்டான். டெலவேர் பழங்குடிப் பெண்கள் அப்படித்தான் வெட்டி நீர் இறக்குவார்கள். அவர்கள் இந்தத் தோப்பில் சர்க்கரை காய்ச்சிய காலத்தில் பிரிவும் இல்லை, மூலையும் இல்லை. சர்க்கார் ஒப்பந்தம் போட்டு அவர்களை மேற்கே அனுப்பியது. அந்த வெட்டுக்கு யாரிடமும் பத்திரம் இல்லை. கெசையா அந்தத் துண்டை அடுப்பில் போடவில்லை. எடுத்துப்போய் வீட்டுச் சுவரோரம் வைத்தாள்.

மேஜர் காட்டியது ஓக் என்பதால், பட்டைக்கு அடியில் மூடிப்போன வெட்டைத் தேடி, அன்று பிற்பகல் முழுவதும் கொல்லையோரத்து ஓக் மரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். காய்ச்சல் இல்லாத நாள் என்பதால் ஜோதமும் கூட வந்தான். கொல்லையின் தென்கிழக்கு ஓரத்தில் ஒரு வெள்ளை ஓக். அதன் பட்டையில் இடுப்புக்குச் சற்று மேலே, மூடிய உதடுபோல ஒரு நெடுங்கோடு. அந்தக் கோடு பழைய கம்பம் நின்ற திசையைப் பார்த்திருந்தது.

ஜோதம் கோடரியை ஓங்கினான். கெசையா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"விடு, பாத்துடலாம்!"

"பாத்துட்டு? நாமளே வெட்டிவெச்சோம்னு மேஜர் சொல்வான். சர்வேயர் கண்ணு முன்னால வெட்டணும். அதுவரைக்கும் இது மூடியே இருக்கட்டும்."

"உள்ள ஒண்ணும் இல்லன்னா? இடி கீறின வடுவா இருந்தா?"

"இருந்தா ஊருக்கு முன்னாலதான் தெரியட்டும்."

வியாழக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது: ஒரு நாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால் மரமே இல்லாமல் போயிருக்கலாம். கொப்பரை இரண்டையும் சறுக்கு வண்டியில் ஏற்றி அந்த ஓக் மரத்தடிக்கே கொண்டுவந்துவிட்டாள். அங்கேயே அடுப்பு மூட்டி, அங்கேயே காய்ச்சி, அங்கேயே சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மேஜரின் ஆள் ஒருவன் கோடரியோடு அந்தப் பக்கம் வந்தான். கொதிக்கிற பாகில் அகப்பையை முக்கி எடுத்தபடி, "சூடா இருக்கு, கொஞ்சம் தரட்டுமா?" என்று கெசையா கேட்டாள். அவன் வேண்டாம் என்று போய்விட்டான்.

வியாழக்கிழமை ஓடைக்கரை முழுவதும் அங்கே கூடிவிட்டது. சிலர் ஜாடியில் விஸ்கி கொண்டுவந்திருந்தார்கள். சர்வேயர் லெவி குவின்பி ஒல்லியான மனிதர். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பழைய சர்வே குறிப்பின் நகலைப் பிரித்து எல்லோரும் கேட்கப் படித்தார்: ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு, இலையுதிர்காலம். மூலைக்குக் கம்பம். சாட்சிக்கு ஒரு ஆஷ் மரம், வடமேற்கே சங்கிலியில் நாற்பத்திரண்டு கண்ணி, அதாவது இருபத்தெட்டு அடி தூரத்தில் ஒரு வெள்ளை ஓக். இந்தக் கோட்டின் வடக்கு முனை அடையாளம் சதுப்பில் போய்விட்டதால் எல்லாம் இந்த ஒரு மூலையைப் பொறுத்துத்தான்.

அன்று ஜோதமுக்குக் காய்ச்சல் முறை. போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டையில் உட்கார்ந்து உதறிக்கொண்டிருந்தான்.

"பயத்துல நடுங்குதா ஜோதம்?" என்றார் மேஜர்.

"இல்ல மேஜர். இன்னிக்கு காய்ச்சல் முறை. பயத்துக்கு நாளைக்குத்தான் முறை."

கூட்டம் சிரித்தது. மேஜரும் சிரித்துக்கொண்டே குவின்பியைத் தன் ஓக் மரத்துக்கு அழைத்துப்போனார். எண் அழகாகத் தெரிந்தது. வெட்டு கறுத்து, பழையதாகத்தான் இருந்தது. குவின்பி தலையாட்டினார். "அடையாளம் தெளிவா இருக்கு. மார்லட், உங்க பக்கம் என்ன காட்டுறீங்க?"

ஜோதமின் பல் கிட்டிக்கொண்டது. கெசையா முன்னால் வந்தாள்.

"எங்க மரம் அதோ இருக்குங்க. அடையாளம் உள்ள இருக்கு."

"உள்ளயா?" மேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெளிய இருக்கிறதை நான் காட்டுறேன். உள்ள இருக்கிறதை அந்தம்மா காட்டுது!"

குவின்பி ஓக் மரத்தடிக்கு வந்து கோட்டைத் தடவினார். மறுபடியும் தடவினார். "வெட்டிப் பார்க்கலாம்," என்றார்.

"அவ்வளவு கீழ வெட்டாதே!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "பதிமூணு வருசத்துல மரம் வளந்திருக்கும். அடையாளமும் மேல ஏறியிருக்கும். தலைக்கு மேல வெட்டு!" ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள்.

"ஏறாது," என்றாள் கெசையா. "ஏழு வருசம் முன்ன முழங்கால் உயரத்துல துளை போட்டேன். இப்பவும் முழங்காலுக்குத்தான் இருக்கு. மரம் நுனியில வளரும், இடுப்புல பருக்கும். பொம்பளைங்க மாதிரி."

குவின்பியின் கோடரிக்காரன் அதே குளிர்க்காய்ச்சலில் பாதி வழியிலேயே படுத்துவிட்டிருந்தான். கெசையா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே கோடரியை எடுத்தாள். கோட்டுக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. மூன்றாம், நான்காம் வெட்டு. ஈரச் சிராய் மஞ்சளாகப் பறந்தது. இரண்டு அங்குலம் போயும் ஒன்றும் இல்லை, வெறும் மரம். மேஜர் மூக்குப்பொடி எடுத்தார். கெசையாவின் உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டு ஆப்பை வைத்து அறைந்தாள்.

கட்டை கழன்று விழுந்தது.

மரத்தின் உள்ளே, வெந்த ரொட்டி நிறத்தில், வழவழவென்று ஒரு தட்டையான முகம் இருந்தது. அதில் எழுத்தும் எண்ணும் வெட்டியிருந்தன. பதினொன்று. கழன்று விழுந்த துண்டைக் குவின்பி புரட்டினார். அதிலும் அதே எண், புடைத்துக்கொண்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி நின்றது. அந்தத் துண்டின் ஓரத்தை வழித்து, முனை கூர்ந்த கத்தியால் வளையங்களை எண்ணினார். எல்லோரும் கூடவே வாய்க்குள் எண்ணினார்கள். பதின்மூன்றில் பட்டை வந்தது.

"இன்னொரு தடவ எண்ணுறேன்," என்றார் குவின்பி. இரண்டாவது தடவையும் பதின்மூன்று.

"இது எவனோ..." என்று மேஜர் ஆரம்பித்தார்.

"நான்தான் மேஜர்."

எல்லோரும் திரும்பினார்கள். ஓபேட் டீக் மாவு படிந்த சட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மரத்தின் முகத்தில் விரலை வைத்தார். "ஒண்ணுங்கிற எண்ணுக்கு அடியில குறுக்காப் பாதம் வெச்சிருக்கு பாருங்க. இந்தக் காட்டுல அப்படிப் பாதம் போட்டவன் நான் ஒருத்தன்தான். நிக்கிறது நல்லா நிக்கட்டும்னு போடுவேன். அன்னிக்கு மழை. இதே மரத்தடியில ஒதுங்கி நின்னு ஊறிப்போன ரொட்டி தின்னோம். போன வாரம் இந்தம்மா கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு சொன்னேன். ஞாபகம் இருந்துச்சு."

"டீக், நாளைக்கு மில்லுக்கு வரவேண்டாம்," என்றார் மேஜர்.

"எந்தக் காதுல சொன்னீங்க மேஜர்? அது கேக்காத காதா இருக்கும்."

சிரிப்பு அடங்குமுன் கெசையா கோடரியோடு மேஜரின் மரத்தை நோக்கி நடந்தாள். கூட்டம் பின்னாலேயே போனது. அந்த வெட்டின் விளிம்பை விரலால் தடவிக் காட்டினாள்.

"குவின்பி ஐயா, நீங்க படிச்சவங்க. பதிமூணு வருசத்துல ஒரு சுத்துகூட ஆறாத புண்ணு எங்கயாவது உண்டா?"

குவின்பி குனிந்து பார்த்தார். விளிம்பில் மரம் ஒரு நூல்கூட மூடியிருக்கவில்லை. கைக்குட்டையை நனைத்து எண்ணின்மேல் அழுத்தித் தேய்த்தார். துணியில் வால்நட் தோலின் சாயம் பழுப்பாக இறங்கியது. அடியில் மரம் புத்தம்புதிதாக வெளுத்திருந்தது. அந்தக் கைக்குட்டையை மடிக்காமல் விரித்தபடியே மேஜரிடம் நீட்டினார். மேஜர் அதை வாங்கவில்லை. குதிரை எங்கே என்று பார்த்தார்.

அளவு உடனே நடந்தது. உண்மையான ஓக் மரத்திலிருந்து திசைகாட்டி வைத்து, சங்கிலியை நாற்பத்திரண்டு கண்ணி இழுத்த இடத்தில் குவின்பி தோண்டச் சொன்னார். ஒன்றரை அடி ஆழத்தில் மஞ்சள் களிமண்ணுக்கு நடுவே கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது. கம்பம் மக்கிய மண். கொல்லையோரத்தில், ஏழு வருடம் முன்பு ஏஜெண்டு காட்டிய அதே இடம். ஊற்றும் வீடும் ஆப்பிள் கன்றுகளும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

உதறலோடு உதறலாக ஜோதம் எழுந்து ஒரு கூச்சல் போட்டான். பெண்டாட்டியைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான், காய்ச்சல்காரனுக்கு முடியவில்லை. அவள் அவனைத் தூக்கிச் சுற்றினாள். யாரோ துப்பாக்கியை வானத்தில் வெடித்தார்கள். ஓடையிலிருந்து பாறாங்கல் ஒன்றைச் சறுக்கு வண்டியில் இழுத்துவந்து, பத்துப் பேர் சேர்ந்து அந்தக் குழியில் மூலைக்கல்லாக நட்டார்கள். மேஜரின் கம்பத்தைப் பிடுங்கிச் சர்க்கரை அடுப்பில் செருகினார்கள். நன்றாக எரிந்தது. மிச்சமிருந்த பனியில் கெசையா பாகை வரிவரியாக ஊற்றினாள். அது இறுகி மெழுகானதும் சின்னவர் பெரியவர் எல்லோரும் விரலால் சுருட்டித் தின்றார்கள். டீக் பன்றிக்கறியோடு நான்கு ரொட்டி சாப்பிட்டார்.

கூட்டத்தில் நின்ற ஹல்டா ஸ்வீட்ஸர் என்ற விதவை தயங்கித் தயங்கிக் குவின்பியிடம் வந்தாள். "ஐயா, போன மாசம் மேஜர் என் கொல்லையிலயும் ஒரு கம்பம் நட்டிருக்கார்." அதைக் கேட்டதும் இன்னும் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

குவின்பி நோட்டைப் புரட்டினார். "நாளைக்கே பாத்துடலாம். சங்கிலி பிடிக்க ஆள் வேணும்."

"எனக்கு நாளைக்கு வேலை இல்ல," என்றார் டீக், வாய் நிறைய ரொட்டியோடு.

"கோடரிக்கும் ஆள் வேணும்." குவின்பி கெசையாவை ஒரு தடவை பார்த்தார். வழக்கம்போல இன்னொரு தடவையும் பார்த்தார். "அம்மா, கோடரி பிடிக்கிறவங்க சத்தியப் பிரமாணம் எடுக்கணும். பேரை சர்க்கார் குறிப்புல எழுதுவேன். பொம்பளை பேரை எழுதக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல."

கெசையா ஜோதமைப் பார்த்தாள்.

"போ," என்றான் அவன். "நாளைக்கு எனக்கு நல்ல நாள். கொப்பரையை நான் பாத்துக்கிறேன். பதம் தவறவிட மாட்டேன்."

"தவறவிட்டா கரடி கீறிடுச்சுன்னு சொல்வே."

மறுநாள் காலையில் பைபிளின்மேல் கை வைத்து, தெரிந்ததை மறைக்காமல், யார் பக்கமும் சாயாமல் அடையாளம் காட்டுவேன் என்று பிரமாணம் எடுத்தாள். குவின்பி எழுதினார்: சங்கிலி, ஓ. டீக். கோடரி, கெ. மார்லட். அவளுக்கு எட்டிப் படிக்க வேண்டும்போல இருந்தது, படித்தும் விட்டாள்.

ஹல்டாவின் நிலத்துக்குப் போகிற கோடு முட்புதருக்குள் போனது. குவின்பி திசைகாட்டியில் கண் வைத்துக் கையை நீட்டினார். சர்வே கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: வழி திறக்கிறவர்தான் முதலில் போக வேண்டும். மற்றவர்கள் யாராக இருந்தாலும் பின்னால்தான்.

"கோடரி முன்னால!" என்று டீக் குரல் கொடுத்தார்.

ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கெசையா முன்னால் போனாள்.